வீட்டுக்குள் தண்ணீர்: முதல் இரண்டு நாள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் மூன்று வழியாக வரும். கூரை வழியாக ஒழுகும். ஏரிக் கலங்கலோ ஓடையோ பெருக்கெடுத்து வாசல் வழியாக நுழையும். இரண்டும் இல்லாமல், நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு தரைக்கு அடியிலிருந்து தானாக ஊறும். இந்த மூன்றாவதை வெளியூர்க்காரர்கள் லேசில் நம்ப மாட்டார்கள். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் தெருக்களில் வானம் வெளுத்த பிறகும் அடுப்படி மூலையில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத்துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் திருமுக்கூடலில் வந்து சேர்கின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டியபோது தாம்பரம் பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஊர் உலகத்தின் பார்வையெல்லாம் அடையாற்றுக் கரைக்குப் போனது. அன்றிலிருந்து வெளிவரும் வெள்ள ஆலோசனைகளும் அடுக்குமாடிக்காரர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. மண்சுவரும் நாட்டு ஓடும் தறிக்குழியும் நெல் மூட்டையும் அவற்றில் வருவதில்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தப் பட்டியல்.

தண்ணீர் வந்தவுடன் கை துடைப்பத்துக்குத்தான் போகும். போக வேண்டாம். முதலில் உயிர், அடுத்தது சுவர், பிறகு சேதத்தின் படம், பிறகு காற்று. கழுவித் துடைப்பது அதற்கப்புறம்.

முதல் அரை மணி நேரம்

செய்ய வேண்டியவை:

• மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் காய்ந்திருந்தால், காய்ந்த கையோடு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு அணையுங்கள். மீட்டர் பெட்டி நனைந்திருந்தாலோ அங்கே போகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலோ தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணுக்குப் பேசி (94987 94987) கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

• கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, சிலிண்டரை மேட்டில் ஏற்றிவிடுங்கள். தண்ணீரில் அது மிதந்து உருளும். கசிவு வாடை வந்தால் 1906.

• மாட்டை அவிழ்த்துவிடுங்கள். அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். கட்டிக் கிடக்கும் மாட்டுக்குத்தான் வழி இல்லை.

• தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பார்க்கச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். கால் மணி கழித்துக் கோடு மூழ்கியிருந்தால், பெரியவர்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கோ திருமண மண்டபத்துக்கோ அனுப்பிவிட வேண்டிய நேரம் அது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

செய்யக்கூடாதவை:

• துணி காயப்போடும் இரும்புக் கம்பியைத் தொடாதீர்கள். சர்வீஸ் வயர் தாங்கும் குழாயிலேயே கொடிக் கம்பியின் ஒரு முனையைக் கட்டியிருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ. வயரின் உறை ஓரிடத்தில் உரிந்திருந்தால் போதும், மழையில் அந்தக் கம்பி முழுக்க மின்சாரம் ஓடும். இந்த வருஷமே நைலான் கயிற்றுக்கு மாறிவிடுங்கள்.

• மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ ஆடு மாடு கட்டாதீர்கள்.

• ஈரத்தரையில் நின்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டாம்.

• அரசு கொடுத்த கிரைண்டர், மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவாக இருந்தாலும் நனைந்ததை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள். நனைந்த மோட்டாரைக் காயில் கட்டும் கடையில் கொடுத்து உலர்த்தினால் பெரும்பாலும் பிழைக்கும். போட்டுப் பார்த்தால் காயில் கருகி, செலவு பல மடங்காகும். செல்போனை அரிசி டப்பாவில் புதைப்பதாலும் பலன் இல்லை. அரிசித் தூசு உள்ளே போவதுதான் மிச்சம்.

சுவர்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த அதே நாட்களில், வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் விழுந்து 9 பேர். இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது வெள்ளத்தின் இழுப்பு இல்லை, ஊறிய சுவரின் பாரம். நடூரில் விழுந்தது செத்தவர்களின் சொந்தச் சுவர்கூட இல்லை.

மண்சுவரில் ஈரம் கீழிருந்து ஏறும். அடி இரண்டு அடி உயரத்துக்குச் சுவர் களியாகிவிடும். மேலே ஓட்டுக் கூரையின் கனம் அப்படியே இருக்கும். மழை பெய்யும்போது நின்ற சுவர், மழை விட்ட மறுநாள் வெயில் அடிக்கும்போது விழுவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. வெளிப்பக்கம் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம். பூச்சு பளிச்சென்று நிற்கும், உள்ளே மண் கரைந்திருக்கும்.

செய்ய வேண்டியவை:

• சுவரை விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கெட்டியான ஓசை வரும். பூச்சு விட்ட இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். பூச்சு வயிறு தள்ளியிருந்தாலோ, மூலையில் மேலிருந்து கீழாகப் புதுவிரிசல் கண்டிருந்தாலோ, நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடித்தாலோ, அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

• சுவரோரம் தேங்கிய தண்ணீரை மண்வெட்டியால் சின்ன வாய்க்கால் வெட்டி விலக்கிவிடுங்கள். அடிச்சுவரின் வெளிப்பக்கத்தில் தார்ப்பாயைச் சாய்த்துக் கட்டினால் சாரல் படாது.

• ஈரச் சுவர் காயும்வரை அதிலிருந்து தள்ளிப் படுங்கள். பக்கத்து வீட்டு மதிலையும் உங்கள் சுவராகவே நினைத்துத் தட்டிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை:

• ஈரச் சுவரில் நெல் மூட்டையைச் சாய்த்து அடுக்காதீர்கள்.

• சுவருக்கு முட்டாக மண்ணைக் கொட்டி அணைக்காதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சுவரை உள்பக்கமாகத் தள்ளும்.

• வயிறு தள்ளிய பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்க்காதீர்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகு கொத்தனார் செய்ய வேண்டிய வேலை அது. முட்டுக்குச் சவுக்குக் கம்பு போதும். ஆனால் அடியில் பலகை வைக்காமல் ஈரத்தரையில் நட்டால் கம்பு இறங்கிவிடும்.

கூரை

ஓட்டு வீட்டில் ஓடு நகர்ந்து ஒழுகினால் உள்ளிருந்தே ஒரு கழியால் நெம்பித் தள்ளிச் சரிசெய்ய முடிகிறதா பாருங்கள். ஈர ஓட்டின் மேல் ஏறாதீர்கள். சிமென்ட் ஷீட்டின் மேல் எந்தக் காலத்திலும் கால் வைக்காதீர்கள். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டைக் காய்ந்த நிலையில் ரம்பத்தால் அறுக்கவோ பெருக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. நனைத்து, கையால் பொறுக்கி, சாக்கில் கட்டிவிடுங்கள்.

காங்கிரீட் வீட்டில், அதிலும் பழைய தொகுப்பு வீடுகளில், கவலைப்பட வேண்டியது ஒழுகலைவிடத் தளத்தின் அடிப்பூச்சுதான். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். துருக்கறை தெரிகிற இடத்துக்கு நேர் கீழே கட்டிலும் தொட்டிலும் கூடாது.

மாடியில் தண்ணீர் நின்றால் முதலில் வடிகுழாயின் வாயைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அங்கே வேப்பிலைச் சருகும் ஒரு பழைய பந்தும் இருக்கும் என்று சொன்னால், கணக்குத் தப்பாக இருந்தாலும் விஷயம் தப்பாகாது. தண்ணீர் வடியுமுன் எந்த விரிசலுக்கு நேரே கீழே சொட்டுகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பழுது பார்க்க வரும் கொத்தனாருக்கு அந்த வட்டத்தைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. மழைக்கு நடுவே ஈரத்தளத்தில் சிமென்ட் பாலை ஊற்றுவது காசைக் கரைத்து ஊற்றுவதுதான்.

கழுவுமுன் படம்

செய்ய வேண்டியவை:

• தண்ணீர் நின்ற கோடு, விழுந்த சுவர், நனைந்த மூட்டை, செத்த கோழி என எல்லாவற்றையும் கழுவுமுன் படம் எடுங்கள். வீட்டு எண்ணோ வாசலோ ஒரு படத்திலாவது தெரிய வேண்டும்.

• அன்றே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்து ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்கு மாநில அரசு அறிவித்த நிவாரணத்தில் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. கணக்கெடுக்க வருகிறவருக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை:

• செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருமுன் புதைத்துவிடாதீர்கள்.

• வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், சர்வேயர் வருமுன் இடிந்ததை அள்ளிப் போடாதீர்கள். (2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். கிராமத்தில் அதை எடுத்திருக்கும் வீடு அபூர்வம்.)

இறைப்பதும் காயவைப்பதும்

வெளியே தண்ணீர் உள்ளே இருப்பதைவிட உயரமாக நிற்கும்போது மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. இறைக்க இறைக்க அடியால் ஊறும்; சுவரின் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரின் பாரம் சேரும். வெளியே வடியட்டும், பிறகு இறையுங்கள்.

வடிந்ததும் சேற்றை உடனே, ஈரமாக இருக்கும்போதே வழித்து எடுங்கள். நம் ஊர்க் களிமண் காய்ந்துவிட்டால் கடப்பாரைதான் கேட்கும்.

அதன்பிறகு ஓடுவது பூஞ்சைக்கு எதிரான ஓட்டம். நனைந்த துணி, பஞ்சு, பலகை, பெட்டி எதையும் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. வெயில் இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. மழை விட்ட இடைவெளியில் எதிரெதிர் சன்னல் இரண்டையும் திறந்துவையுங்கள். சாரல் வந்தால் மட்டும் சாத்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான்கு செங்கல் மேல் ஏற்றி, கதவைத் திறந்து போடுங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்ற பிறகு மின்விசிறி ஓடட்டும்.

இலவம்பஞ்சு மெத்தை மழைநீரில் மட்டும் நனைந்திருந்தால் பிரித்துப் பஞ்சை உலர்த்தலாம். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய ஃபோம் மெத்தையைக் காப்பாற்ற முடியாது. மனசு வராது, தூக்கிப் போடுங்கள்.

செய்யக்கூடாதவை:

• அறையைப் பூட்டிக்கொண்டு கரியடுப்பு மூட்டிச் சுவர் காயவைக்காதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். இரண்டிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

• பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

• உப்பிக்கொண்ட மரக்கதவை உடனே இழைக்காதீர்கள். தை மாதம் காய்ந்து சுருங்கும்போது ஓரத்தில் விரல் நுழையும் சந்து விழுந்திருக்கும்.

• சுவர் பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கிறது என்று பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பெயிண்ட் தோலாக உரியும். இந்த வருஷப் பொங்கலுக்குச் சுண்ணாம்பு போதும். அது சுவரை மூச்சுவிட விடும், பூஞ்சைக்கும் ஆகாது. மண்சுவருக்கு மேல் சிமென்ட் பூச்சு என்ற யோசனையை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே கைவிடுங்கள்.

தறி இருக்கும் வீடு

பட்டு நெய்யும் வீடுகளில் தரைக்கு அடியில் ஊறும் தண்ணீர் முதலில் தெரிவது தறிக்குழியில். மிதிக்குக் கீழே கசகசவென்று தொடங்கி, இரண்டு நாளில் முழங்கால்வரை நிற்கும். வாசலில் ஒரு சொட்டு இருக்காது, குழிக்குள் கிணறு.

செய்ய வேண்டியவை:

• குழியில் ஈரம் கண்ட அன்றே மிதிகளைக் கழற்றி மேலே எடுத்துவிடுங்கள்.

• தறியில் ஏற்றியிருக்கும் பாவை பாலிதீன் தாளால் மூடுங்கள். ஆனால் பகலில் ஒருமுறை திறந்து காற்றாடவிடுங்கள். இறுக மூடினால் தாளின் உள்பக்கத்தில் வியர்த்து, அந்தத் துளி பட்டில் சொட்டும்.

• ஜக்கார்டு அட்டைகளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அட்டை ஈரத்தில் உப்பினால் துளை சுருங்கி, ஊசி தவறான இடத்தில் நிற்கும். பார்டரில் ஒரு மயிலுக்கு மூக்கு இல்லாமல் போவது இப்படித்தான். நனைந்த அட்டைகளை வரிசை எண் போட்டு, தட்டையாகப் பரப்பி, மேலே பலகையும் பாரமும் வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

• ஜரிகையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். வெள்ளிக் கம்பி ஈரத்தில் கறுக்கும்.

• பட்டும் ஜரிகையும் சங்கத்துடையதோ முதலாளியுடையதோ என்றால், சேதத்தை அன்றைக்கே படத்தோடு சொல்லிவிடுங்கள். தாமதமானால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

செய்யக்கூடாதவை:

• வெளியே நீர்மட்டம் இறங்காதபோது குழியை இறைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஊற்று நிற்காது, குழியின் பக்க மண்தான் கரைந்து, தறியின் தூண் ஆட்டம் காணும்.

• நனைந்த பட்டை முறுக்கிப் பிழியவோ, வெயிலில் போடவோ, வேறு நிறப் பட்டோடு சேர்த்துக் குவிக்கவோ வேண்டாம். அரக்குச் சாயம் பக்கத்துச் சந்தன நிறத்தில் ஏறினால் திரும்பாது.

நெல்

நனைந்த மூட்டையைக் கட்டவிழ்க்காமல் வைத்தால் உள்ளே சூடேறி, இரண்டு மூன்று நாளில் முளை கிளம்பும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பே சொல்லிவிடும். கொட்டி, மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி துழாவிவிடுங்கள். வெயில் வராது என்று தெரிந்தால் முளைக்குமுன் அவித்துப் புழுங்கலாக்கிவிடுவது பழைய கை கண்ட வழி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். அதற்குமேல் இருக்கும் நெல்லைக் கொண்டுபோய் வரிசையில் நின்று திரும்ப வேண்டாம்.

பூஞ்சை பிடித்த நெல்லை மாட்டுக்குக்கூட வைக்காதீர்கள். மருந்து கலந்த விதைநெல் நனைந்துவிட்டதே என்று அரிசியாக்குவது அதைவிட மோசம்.

பத்திரம், பட்டா

நனைந்த பத்திரத்தின் தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். தாளுக்குத் தாள் வெள்ளைக் காகிதம் செருகி, நிழலில் காற்றாட விட்டு, காகிதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்திரம் போய்விட்டாலும் சொத்து போய்விடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டாவை இணையத்திலிருந்தே எடுக்கலாம், இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள்.

கிணறு, கழிவறை, பாம்பு

• வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக்கணக்கு. பத்தடி விட்டத்தில் பன்னிரண்டு அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 27 ஆயிரம் லிட்டர், அதாவது 70 கிராம் அளவு. வாளியில் குழைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் இரவில் ஊற்றி, காலையில் எடுங்கள். தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் அளவு மாறும். சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள். அதுவரை கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

• செப்டிக் டேங்க்கை வெள்ளம் வடியுமுன் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி மிதந்து, பெயர்ந்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது.

• காலில் புண் இருக்கிறவர்கள் சேற்றில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டால் தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• மேடு தேடி வந்த பாம்பு விறகுக் கட்டிலும் சுருட்டிய பாயிலும் இருக்கும். கழியால் தட்டிவிட்டு எடுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போடும் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. 1978-லிருந்து நம் பக்கத்து ஆட்கள் செய்யும் வேலை அது.

ஏரி

கரையில் கசிவு கண்டால், கலங்கலில் மரம் அடைத்தால், அது தனி ஆள் வேலை இல்லை. இரவோடு இரவாகச் சாலையையோ கரையையோ வெட்டிவிட்டு உங்கள் தெருவை வடியவைத்தால் அடுத்த ஊர் மூழ்கும், அடிதடியும் வரும். வி.ஏ.ஓ.வுக்கும் நீர்வளத்துறைக்கும் சொல்லி, மணல் மூட்டையோடு ஆள் வரும்வரை கரையில் காவல் இருங்கள். பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, குடவோலை மூலம் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப்பேராவது அந்த வாரியம் கவனித்த வைரமேகத் தடாகத்தின் கரைவரை நடந்துபோய்க் கலங்கலைப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை. உள்ளூர்க்காரர்கள் அதைப் புரட்டாசியிலேயே பார்த்துவிட வேண்டும்.